அரக்குப் புடவை

கணவர் இறந்த மூன்றாம் வருடம், நமக்கான உடைகளை நிறுவனமே தேர்ந்தெடுத்து அனுப்பும் ஆன்லைன் சேவையில் என்னைச் சேர்த்துவிட்டவள் என் மகள் மிருதுளாதான். "பிடிச்ச கலராக் கேளும்மா. யாருக்குப் பயப்படுற?" என்றாள்.

அரக்கு கேட்டேன். சாம்பல் நிறத்தில் ஒரு புடவை வந்தது. மறுபடியும் அரக்கு கேட்டேன். சந்தன நிறம் வந்தது. மூன்றாவது பெட்டியிலும் சாம்பல்தான் என்றதும் எரிச்சலோடு போன் செய்தேன்.

"நீங்க கேட்டது இங்க இருக்கு மேடம்," என்றாள் எடுத்த பெண். "ஆனா அனுப்புறதுக்கு முன்னாடி, நீங்க அந்தப் புடவையைக் கட்டியிருக்கிற மாதிரி ஒரு படத்தை, உங்ககூட இருக்கிறவங்க போட்டிருக்கிற ஸ்மார்ட் கண்ணாடியில ஒரு நொடிக்கும் கம்மியா காட்டிப் பாப்போம். அவங்களுக்கே தெரியாது. உங்களை அரக்குல பாத்தா முகம் சுருங்குது. மூணு தடவையும்."

யார் முகம் என்று நான் கேட்கவில்லை. வீட்டில் இருப்பது நானும் மிருதுளாவும்தான்; அந்தக் கண்ணாடி போடுபவள் அவள்.

சாயங்காலம் அவள் வேலை முடிந்து வந்தபோது, சாம்பல் புடவையைக் கட்டிக்கொண்டு கதவைத் திறந்தேன்.

"இதுதாம்மா உனக்கு எடுப்பா இருக்கு," என்றாள்.

அவள் பொய் சொல்லவில்லை.