ரோஜாப்பூத் தட்டு

"பட்டப்பகல்ல எதுக்குக்கா மெழுகுவத்தி? கரண்ட்டுதான் இருக்குதே" என்று சிரித்தாள் கவியா.

"அழகுக்குடி. சும்மா வேடிக்கை பாக்காம அந்த ரிப்பன எடு" என்றாள் அருணா. கை துடைக்கும் துணிகள் ஐந்தையும் விசிறிபோல மடித்து, ஒவ்வொன்றின் இடுப்பிலும் இளஞ்சிவப்பு ரிப்பனைக் கட்டினாள். லேஸ் வைத்த வெள்ளை விரிப்பை இதற்கென்றே போன வாரம் வேலூரில் வாங்கியிருந்தாள். மேசை நடுவில் கண்ணாடிக் கிண்ணம், அதில் தண்ணீர், தண்ணீரில் பன்னீர் ரோஜா இதழ்கள்.

காணும் பொங்கலுக்காகப் படவேட்டிலிருந்து வெற்றிச்செல்வன் அப்பா, அம்மா, தங்கை கவியா என்று குடும்பத்தோடு மலைக்கு வந்திருந்தான். புதூர்நாட்டில் அவர்களுக்குப் பழைய ஓட்டு வீடு ஒன்று இருந்தது. அவனுடைய தாத்தா ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து தட்டுமுட்டுச் சாமான்களோடு வாங்கியது. மூன்று தலைமுறையாக அவர்களுடைய புளி வியாபாரத்துக்கு அதுதான் கிடங்கு.

அருணா மலைக்காரப் பெண். அங்கேயே சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருந்தாள். வெற்றியோடு மூன்று வருடப் பழக்கம். "அம்மா மட்டும் சரின்னு சொல்லிட்டா மாசியிலயே கல்யாணத்த முடிச்சிடலாம்" என்பான் அவன். இன்றைக்கு மதியச் சாப்பாட்டுக்கு வரச் சொன்னதே அந்த அம்மாதான்.

காலையில் வந்ததுமே அருணா கேட்டுவிட்டாள். "மேசைய நான் அலங்காரம் பண்ணட்டுங்களா ஆண்ட்டி?"

மணியம்மாள் கோழிக்குழம்பைக் கிளறிக்கொண்டே சிரித்தாள். "பண்ணேன். உனுக்கு இந்த மாதிரி ஆசையெல்லாம் உண்டுன்னு வெற்றி சொல்லிக்கீறான்."

"தட்டுங்க?"

"பின்தாழ்வாரத்துல ஒரு அலமாரி கீது பாரு. அதுல எடுத்துக்க கண்ணு. நல்லா கழுவிக்க."

அலமாரியைத் திறந்ததும் அருணாவுக்கு மூச்சே நின்றுவிட்டது. வெயிலில் பிடித்தால் விரல் நிழல் தெரியும் மெல்லிய பீங்கான். விளிம்பில் தங்கக் கோடு, உள்ளே சுற்றிலும் ரோஜாக்கொடி. பனி பெய்யும் ஊர்களில் பண்டிகை நாளில் பெண்கள் இப்படிப்பட்ட தட்டுகளைத்தான் மேசையில் வைப்பார்கள் என்று மொழிபெயர்ப்பு நாவல்களில் படித்திருக்கிறாள். கண்ணால் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"எங்க வூட்ல யாரும் இதுல சாப்ட்டதே இல்லக்கா" என்றாள் கவியா.

அருணாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை காலம் பொத்தி வைத்திருந்ததை இன்று தனக்காக எடுக்கச் சொல்லிவிட்டாரே! குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல ஒவ்வொன்றாகக் கழுவித் துடைத்தாள். ஒரு தட்டில் மட்டும் ரோஜாக்கள் தேய்ந்து வெளிறிக் கிடந்தன. அதைத் தன் இடத்தில் வைத்துக்கொண்டு, நல்ல தட்டுகளை மற்ற நான்கு பேருக்கும் வைத்தாள்.

"அண்ணின்னு கூப்புட்டுப் பாக்கட்டா?" என்று காதோரம் வந்தாள் கவியா.

"வாய மூடு. உங்கம்மா காதுல வுழப்போவுது."

"வுழட்டுமே. உனுக்காகக் கோழியே அடிச்சிட்டாங்க. இன்னும் இன்னா வேணும் உனுக்கு?"

கார் கழுவிய ஈரக் கையோடு முதலில் வந்தவன் வெற்றி. வாசற்படியிலேயே அப்படியே நின்றுவிட்டான். மேசையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், ஒன்றும் பேசவில்லை. பேச்சு வராத அளவுக்கு அழகாக வைத்துவிட்டோம் போலிருக்கிறது என்று அருணாவுக்கு முகம் சிவந்தது.

பின்னாலேயே அவன் அப்பா ராஜவேலு வந்தார். "எப்படி இருக்குதுங்க அங்க்கிள்?" என்றாள்.

"ம்... நல்லாத்தாம்மா கீது" என்றார் அவர். ஆனால் உட்காரவில்லை. உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏ மணி, இங்க வந்து பாரு."

குழம்புச் சட்டியோடு வந்த மணியம்மாள் மேசையைப் பார்த்ததும் நின்றாள். பிறகு சிரித்தாள். அவள் குரலில் கோபம் துளிகூட இல்லை.

"ஐய, எம்மேலதான் தப்பு. உனுக்கு எடுத்துக்கன்னு சொன்னேன். நீ எல்லாருக்கும் வெச்சிட்டியா?"

"புரியலிங்க ஆண்ட்டி."

"புளி மூட்ட கொண்டார்ற உங்க ஆளுங்களுக்குச் சோறு போடறதுக்குன்னு தனியா வெச்ச தட்டும்மா இது. எங்க மாமியாரு காலத்துலேர்ந்தே அப்டித்தான். நாங்க இத தொடக்கூட மாட்டோம். நீ ஒண்ணும் மனசுல வெச்சிக்காத, உக்காரு. உன் தட்டு அப்டியே இருக்கட்டும்." பிறகு மகள் பக்கம் திரும்பினாள். "கவியா, தோட்டத்துல போய் வாழ எல அறுத்துட்டு வா."

கவியாவின் முகம் சுண்டிப்போயிருந்தது. "எத்தினிம்மா?" என்று முனகினாள்.

மணியம்மாள் மகனைப் பார்த்தாள். அருணாவும் அவனைத்தான் பார்த்தாள்.

அருணாவுக்குப் பக்கத்து நாற்காலியைப் பிடித்தபடி நின்றிருந்தான் வெற்றி. மெல்லக் கையை எடுத்துக்கொண்டான்.

"எனக்கும் சேத்து நாலு."