நான்காம் குழு

"இந்தத் தடவை பட்டியலை நான்தான் எழுதுவேன் சார்."

சொல்லிவிட்டாள்.

தாளாளர் கண்ணாடியைக் கழற்றினார். வெளியே மைதானத்தில் யாரோ மைக்கைத் தட்டினார்கள். ஹலோ. ஹலோ.

வேலைக்குச் சேர்ந்த அன்றே கோமளவல்லி டீச்சர் சொல்லியிருந்தார். "இங்க லீவு கேளு, ஃபேன் கேளு, என்ன வேணா கேளு. சேவை நாள் பட்டியல் மட்டும் ஆபீஸ்ல இருந்து வரும். அதுல வாயத் தொறக்காத."

இரண்டு வருடம் திறக்கவில்லை.

அவள் ஐந்தாம் வகுப்புக்கு நன்னெறி ஆசிரியை. செவ்வாய்க்கிழமை புத்தர். வியாழக்கிழமை ஏசு, நபி, யார் வேண்டுமானாலும். மாதத்தின் முதல் சனிக்கிழமை சேவை.

முதல் குழு மரக்கன்று நடும். இரண்டாம் குழு முதியோர் இல்லத்துக்கு வாழைப்பழம் கொண்டுபோகும். மூன்றாம் குழு சுவரில் படம் வரையும். போட்டோ எடுத்து ஆண்டு மலரில் போடுவார்கள்.

நான்காம் குழுவுக்குப் போட்டோ கிடையாது. பினாயில் உண்டு. பிரஷ் உண்டு.

சேவையில் பெரிசு சின்னது இல்லை என்று வகுப்பில் சொன்னதே அவள்தான். குருத்வாராவில் காரில் வந்து இறங்குகிறவரும் உட்கார்ந்து அடுத்தவர் செருப்பைத் துடைப்பார் என்று நடித்துக்கூடக் காட்டினாள்.

தாளாளரின் பேத்தி நிதர்சனா கேட்டாள். "எங்க தாத்தாவும் துடைப்பாங்களா மிஸ்?"

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

போன வாரம் நோட்டுத் திருத்தினாள். சேவை என்றால் என்ன? நாற்பது நோட்டு. மரம் நடுவது. பழம் கொடுப்பது. மரம் நடுவது. டிக். டிக். வெரி குட்.

திருப்பிக் கொடுக்கும்போதுதான் லத்திகாவின் பதில் கண்ணில் பட்டது.

சேவை என்றால் கக்கூஸ் கழுவுவது. அதை நாங்கள் மட்டும் செய்வோம்.

பக்கத்தில் சிவப்பு மையில் அவளுடைய கையெழுத்து. வெரி குட்.

அன்று சாயங்காலம் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தாள். அரசு ஒதுக்கீட்டில் கட்டணமில்லாமல் சேர்ந்த பிள்ளைகளின் பெயருக்கு முன்னால் ஆபீஸில் ஒரு புள்ளி வைப்பார்கள். பதினொரு புள்ளி.

நான்காம் குழுவில் பதினொரு பேர்.

இரண்டு வருடமாக அந்தப் புள்ளி வைத்த பெயர்களை மைக்கில் வாசித்தது அவள். ளகர ழகரம் பிசகாமல்.

சின்ன வயதில் அவளும் பள்ளிக்கூடம் கூட்டிக் கழுவியவள்தான். "ஏன் டீச்சர் நான் மட்டும்னு கேட்டுறாத. டிசியக் கிழிச்சுக் கையில குடுத்துருவாங்க" என்பாள் அம்மா. அவள் கேட்கவில்லை. படித்தாள். வீட்டிலேயே முதல் டிகிரி.

படித்து என்ன கிழித்தாள்? தன் கையிலிருந்த துடைப்பத்தை லத்திகாவின் கையில் கொடுத்தாள்.

நேற்று வகுப்பில் சீட்டுக் குலுக்கினாள். ஒரு டிபன் பாக்ஸில் நாற்பது சீட்டு.

நிதர்சனாவுக்கு நாலு வந்தது. "ஐ! தண்ணில வெளாடலாம்!" என்று குதித்தாள்.

லத்திகா சீட்டைப் பிரித்தாள். ஒன்று. மடித்தாள். மறுபடி பிரித்துப் பார்த்தாள். எழுந்து வந்து மேசையில் வைத்தாள்.

"மிஸ், எனக்கு மாறி வந்துருச்சு."

அவளுக்கு அதற்குமேல் வகுப்பு எடுக்க முடியவில்லை.

"பட்டியல் டைப் பண்ணியாச்சும்மா" என்றார் தாளாளர். தாளை நகர்த்தி வைத்தார்.

"புள்ளைங்க சீட்டு எடுத்துட்டாங்க சார். நிதர்சனாவுக்கு நாலு."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை.

"அதுங்களுக்கு வீட்ல பழக்கம் இருக்கும்மா. நம்ம பிள்ளைங்களுக்கு அந்த வாடையே ஒத்துக்காது. உங்களுக்குத் தெரியாததா?"

நம்ம பிள்ளைங்க.

அவளையும் சேர்த்துக்கொண்டார். அதைத்தான் தாங்க முடியவில்லை. அவளுக்குப் பினாயில் வாடை ஒத்துக்கொண்டதா என்று எந்தப் பள்ளிக்கூடத்தில் யார் கேட்டார்கள்?

"பேரண்ட்ஸ் எல்லாம் வந்து உக்காந்தாச்சு. போய் வாசிங்க. இந்த வேலை உங்களுக்கு வேணும்ல?"

வேண்டும். ரொம்ப வேண்டும்.

"வாசிக்கிறேன் சார்."

எழுந்தாள். வெளியே வந்தாள்.

"ஏம்மா, லிஸ்ட்ட இங்கயே விட்டுட்டுப் போறீங்க!" உள்ளேயிருந்து குரல் வந்தது.

அவள் திரும்பவில்லை. அவள் கையில் ஒரு தாள் இருந்தது. சீட்டில் வந்தபடி நேற்று ராத்திரியே எழுதியது. நான்காம் குழுவில் பன்னிரண்டு பெயர். பன்னிரண்டாவது அவளுடையது.

வராந்தாவில் கோமளவல்லி டீச்சர் மேலும் கீழும் பார்த்தார். "பேரண்ட்ஸ் வர்ற நாளும் அதுவுமா, வேற சேலையே கிடைக்கலையாடி?"

வெளுத்துப்போன பழைய சேலை. காலையில் பீரோவைத் திறந்து, தேடி எடுத்துக் கட்டியது.

மைதான ஓரத்தில் வாளிகள் வரிசையாக இருந்தன. பக்கத்தில் லத்திகா, யாரும் சொல்லாமலே போய் நின்றிருந்தாள்.

முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு மைக்கை நோக்கி நடந்தாள்.