விமானத்துக்கு ஊற்றிய வோட்கா

எங்கள் ஜெட் குண்டுவீச்சு விமானம் உற்பத்திக்குப் போகாது, செய்து வைத்திருக்கும் ஒன்றையும் வெட்டி உருக்க அனுப்புங்கள் என்று மாஸ்கோவிலிருந்து உத்தரவு வந்தது. கொட்டகையிலேயே அதற்குக் கருமாதி நடத்தினோம். செத்தவருக்கு வைப்பதுபோல ஒரு கிளாஸில் வோட்கா ஊற்றி, கறுப்பு ரொட்டியால் மூடி, சக்கரத்தடியில் வைத்தார் மேஸ்திரி லுக்யான்.

தாமதமாக வந்த விமானி தீஹன் அந்த ரொட்டியைத் தின்று, வோட்காவை ஒரே மடக்கில் குடித்தான்.

"செத்தவங்க பங்குல கை வைக்கிறியேடா," என்றார் லுக்யான்.

"செத்தது தகரந்தானே அண்ணே. அதுக்கெதுக்கு சரக்கு?"

எல்லோரும் சிரித்தோம்.

மறுநாள் இடது இறக்கையை வெட்டினார்கள். கேன்டீனில் முட்டைக்கோஸ் சூப் குடித்துக்கொண்டிருந்த தீஹனின் இடது கை தொங்கிப்போனது. வலது இறக்கை விழுந்தபோது வலது கையும். மிச்ச சூப்பை நான்தான் ஊட்டினேன்.

மதியம் அவனைக் கொட்டகைக்குக் கூட்டிவந்தேன்.

"அண்ணே, மிச்சத்தை விட்டுடச் சொல்லுங்க," என்றான்.

லுக்யான் உத்தரவை இன்னொரு தடவை படித்தார். சாயங்காலத்துக்குள் முடிக்க வேண்டும்.

"வாலுலேருந்து வெட்டவா?" என்று கேட்டான் கட்டிங்காரன்.

"மூக்குலேருந்து வெட்டு. பையனுக்குச் சீக்கிரம் முடியட்டும்."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கேன்டீன்ல கறுப்பு ரொட்டி இருக்கா பாரு."