சிறந்த ராப் பாடல்

மலாக்கா மண்டபத்தில் கிராமியப் பாடல், பக்திப் பாடல் விருதுகளைக் கொடுத்து முடித்து, ராப் பாடலுக்கு வந்தார்கள். தினேஷ்வரன் பெயரைக் கூப்பிட்டதும், சிம்பாங் அம்பாட்டிலிருந்து பஸ் ஏறி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த மாயாண்டி கை வலிக்கத் தட்டினார்.

"அங்கிள், நீங்களும் ராப் கேப்பீங்களா?" பக்கத்து இருக்கைப் பெண் சிரித்தாள்.

"இந்தப் பாட்டு மட்டுந்தாம்மா."

"குடிச்சிட்டு வந்து அம்மாவ அடிச்ச அப்பாவப் பத்திப் பாடியிருக்காரு. அந்த ஆளு மட்டும் கையில கெடைச்சா நானே அறைவேன் லா!"

மாயாண்டி தலையாட்டினார்.

மேடையில் தினேஷ்வரன் மைக்கைப் பிடித்தான். "இந்த விருது எங்கம்மாவுக்கு. அப்பா செத்துட்டாரு."

"நல்லவேளை, செத்துத் தொலைஞ்சாரு" என்றாள் அவள்.

"ஆமாம்மா" என்று மாயாண்டி எழுந்தார். பதினோரு வருடத்துக்குப் பிறகு மகனைப் பார்த்தாயிற்று. அவன் கண்ணில் படுவதற்குள் வாசலைத் தேடி நடந்தார்.