பின்னறை

கதவைத் திறந்தார். பார்த்தார். மூடிவிட்டார்.

நேற்றும் இப்படித்தான்.

பின்னறைக்குள் கால் வைக்க இடமில்லை. அட்டைப்பெட்டிகள், எண்ணெய் டின்கள், கால் ஒடிந்த கட்டில், ஓடாத கிரைண்டர், விசேஷ வீடுகளில் வந்த எவர்சில்வர் குடங்கள், மூட்டை மூட்டையாகத் துணி. அவர் மனைவி பேச்சியம்மாள் அந்த அறையில்தான் நோயாகக் கிடந்தாள். அவள் போன பிறகு வீட்டில் எது காலில் இடறினாலும், சங்கரபாண்டி அந்தக் கதவைக் கொஞ்சமாகத் திறந்து உள்ளே தள்ளிவிடுவார்.

அவர் படுப்பது முன்னறையில். ஒரு பாய், ஒரு தலையணை. அது அவருக்குப் போதும்.

மகளுக்குப் போதாது.

சுகந்திக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவம். அவளுடைய மாமியார் திலகவதி போனில் தன்மையாகத்தான் சொன்னார்.

"பொம்பள இல்லாத வீட்டுக்குப் புள்ளைய எப்படிண்ணே அனுப்புறது? இங்கயே பாத்துக்கிடுறோம். நீங்க மனசு சங்கடப்படாதீங்க."

பின்னால் சுகந்தியின் குரல் கேட்டது.

"அப்பா வீட்ட ஒருதடவ பாத்துட்டுச் சொல்லுங்க அத்தை."

ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள்.

சங்கரபாண்டி வாசற்படியில் உட்கார்ந்தார்.

விருதுநகர் பருப்பு மில்லில் காலமெல்லாம் மூட்டை தூக்கியவர் அவர். லாரி நிறைய லோடு வந்து நிற்கும்போது, வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் அண்ணாந்து பார்த்து மலைத்துப்போவார்கள். அவர் லாரியைப் பார்க்கவே மாட்டார். முதுகைக் கொடுப்பார். ஏறிய மூட்டையை இறக்கிவிட்டு வந்து மறுபடியும் முதுகைக் கொடுப்பார். எப்போதோ லாரி காலியாகியிருக்கும்.

துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு எழுந்தார்.

இந்தத் தடவை அறையைப் பார்க்கவில்லை. கதவை ஒட்டிக் கைக்கு எட்டியது ஒரு அட்டைப்பெட்டி. டி.வி. வந்த பெட்டி. அந்த டி.வி. என்றைக்கோ போய்விட்டது.

வாசலுக்குக் கொண்டுபோய் வைத்தார்.

அடுத்து ஒரு டின். அடுத்து, கம்பி நீட்டிக்கொண்டிருந்த குடை.

மத்தியானம் வரை ஒன்றும் குறைந்த மாதிரி தெரியவில்லை. அவரும் குறைந்ததா என்று பார்க்கவில்லை.

பிறகு பேச்சியம்மாளின் செருப்பு கையில் வந்தது. இடது செருப்பு மட்டும் ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தது. அவள் சாய்ந்துதான் நடப்பாள். வாசல் வரை கொண்டுபோனார். திரும்பக் கொண்டுவந்தார். மறுபடி கொண்டுபோனார்.

அன்றைக்கு அதற்கு மேல் வேலை ஓடவில்லை.

மறுநாள் காலையில் அடுப்படி மூலையில் கொஞ்சம் இடம் ஒதுக்கினார். அப்புறம் பார்த்துக்கொள்வோம் என்று தோன்றுகிறதெல்லாம் அங்கே. செருப்பு போனது. மூக்குக்கண்ணாடி போனது. அவள் பாதி பின்னிவிட்டு வைத்த வயர்கூடை போனது. மூலை நிறைந்ததும் நிறுத்திக்கொண்டார்.

மற்றதெல்லாம் வாசலுக்கு.

பழைய இரும்புக்காரர் வண்டியோடு வந்து போனார். குடங்கள் கோயில் மடப்பள்ளிக்குப் போயின. வெளுத்துப்போன சேலைகளைக் கையால் தடவித் தடவிப் பார்த்தார். நைந்து மெத்தென்று இருந்தவற்றை மட்டும் துவைத்துக் கொடியில் போட்டார். குழந்தைக்கு ஆகும்.

சனிக்கிழமை, சுவரோரம் அந்த நாற்காலி மட்டும் மிஞ்சியது. எழுந்து நடக்க முடியாதவர்களை மலஜலம் கழிக்க உட்காரவைக்கும் நாற்காலி. நடுவில் ஓட்டை.

எட்டு மாதம் அவர்தான் அவளைத் தூக்கி அதில் உட்காரவைத்தார். கழுவிவிட்டார். தூக்கிப் படுக்கவைத்தார். முதுகில் நூறு கிலோ தாங்கியவருக்கு அவளுடைய கனம் ஒரு கனமாகவே தெரியவில்லை. போகப் போக இன்னும் தெரியாமல் போனது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

தெருக்கோடி வீட்டில் ஒரு பெரியவர் இடுப்பெலும்பு முறிந்து கிடந்தார். நாற்காலியைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் உலர்த்தி, அந்த வீட்டில் கொண்டுபோய்ப் போட்டார். யாருடையது என்று அவர்களும் கேட்கவில்லை.

திரும்பி வந்து ஜன்னலைத் திறந்தார். கொண்டி இறுகிப் போயிருந்தது. தரையைக் கழுவிவிட்டார். சிவப்பு சிமெண்ட் தரை. சிவப்பு என்பதே மறந்துபோயிருந்தது.

ஈரம் காயும்வரை கதவருகிலேயே நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை திலகவதி வந்ததும் அடுப்படியைப் பார்த்தார். குடிதண்ணீர்ப் பானையைத் திறந்து பார்த்தார். பின்னறைக்கு வந்து நடுவில் நின்றார். ஜன்னல் வழியாகக் காற்று வந்தது. சுகந்தி சுவரில் கை ஊன்றி, அப்பாவின் முகத்தையும் அத்தையின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீடு நல்லாத்தாண்ணே இருக்கு. சோறும் பொங்கிருவீங்க. ராத்திரியில புள்ள அழுதா யாரு எந்திரிப்பா?"

"நான்தான், தங்கச்சி."

அவர் பார்வை நாற்காலி இருந்த சுவரோரம் போனது.

"எந்திரிச்சுப் பழகியாச்சு."

திலகவதி கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். பிறகு முகத்தை உயர்த்தினார்.

விட்டத்தில் ஒரு இரும்பு வளையம். லேசாகத் துருவேறியிருந்தது.

"தொட்டில் கட்டுனா இது தாங்குமா?"

சங்கரபாண்டி முன்னறையிலிருந்து ஸ்டூலை இழுத்து வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார்.

சுகந்தி, "அப்பா!" என்றாள்.

வளையத்தை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு, ஸ்டூலிலிருந்து கால்களை எடுத்தார்.