வேர் வந்திருச்சா?

ஜன்னலோரம் இருந்த கிறிஸ்துமஸ் கள்ளியிலிருந்து இரண்டு துண்டுகளைத் திருகி எடுத்தாள் வீட்டுக்காரி. திருகிய இடம் காயும்வரை நிழலில் போட்டுவைத்து, பிறகு ஒரே தொட்டியில் நட்டாள்.

இடப்பக்கத் துண்டுக்கு மறுநாளே இருப்புக்கொள்ளவில்லை. "எனக்கு வேர் வந்திருக்குமா?" என்று பக்கத்துத் துண்டை நச்சரித்தது.

"என்னோடதே எனக்குத் தெரியல. பேசாம இரு."

அதுதான் முடியவில்லை. ஜன்னலுக்கு வந்த அணிலைக் கூப்பிட்டது. "அண்ணே, என்னைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்க. வேர் வந்திருச்சா?"

அணில் பிடுங்கிப் பார்த்தது. "ஒண்ணும் காணோமேப்பா" என்று திரும்ப ஊன்றிவிட்டுப் போனது.

அன்றிலிருந்து அணில் வரும்போதெல்லாம் இதே வேலை.

மழைக்காலம் முடிந்து குளிர் வந்தது. வலப்பக்கத் துண்டின் நுனியில் சிவப்பாக ஒரு மொட்டு எட்டிப்பார்த்தது. இடப்பக்கத் துண்டோ சுருங்கி, வெளிறிப்போய்ச் சாய்ந்து கிடந்தது. "அதே மண்ணு, அதே தண்ணி. எனக்கு மட்டும் ஏன் வரல?" என்று அழுதது.

அணிலுக்குப் பாவமாக இருந்தது. "வேர் எப்படித்தான் இருக்கும்?" என்று வலப்பக்கத் துண்டைக் கேட்டது.

"எனக்கு முதல்ல வெள்ளையா, நூல் மாதிரி ஓடுச்சு."

அணில் தன் கைகளைப் பார்த்துக்கொண்டது. "ஐயோ! இவனைப் பிடுங்கும்போதெல்லாம் அது அறுந்து என் விரல்ல ஒட்டுமே. தூசின்னு உதறிட்டேனே!"

இடப்பக்கத் துண்டு மெல்லக் கேட்டது.

"அண்ணே, அந்த நூல் இப்ப இருக்கான்னு ஒரே ஒரு தடவை பாருங்களேன்."