ஏரியக்காவின் பாவாடை

பாகூர் ஏரிக்கரையில் ஆட்டோவை விட்டு இறங்கியதும் சுவேதா பையை மார்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நான் தூக்கிக்கொள்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். தரவில்லை. தாம்பரத்தில் பஸ் ஏறியதிலிருந்து அந்தப் பள்ளிக்கூடப் பை அவள் மடியிலேயேதான் இருந்தது. உள்ளே ‘ஏரியக்கா’ புத்தகம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதை எழுதியவர் இந்த ஊர்க்காரர். கிருமாம்பாக்கத்தில் ஆட்டோக்காரரிடம் அவர் பெயரைச் சொன்னபோது, எந்தக் கட்சி என்று கேட்டார். நம் ஊரில் எழுத்தாளனுக்குக் கிடைக்கிற மரியாதை இவ்வளவுதான்.

கதை சின்னதுதான். ஏரிக்குள் ஒரு சிறுமி குடியிருக்கிறாள். வீட்டில் விசேஷம் என்றால் அவள் அம்மா கரைக்கு வந்து புது மஞ்சள் பாவாடையைக் காட்டிக் கூப்பிடுவாள். அவளும் தண்ணீர் சொட்டச் சொட்ட எழுந்து வந்து, பாயசம் குடித்துவிட்டுத் திரும்பிப் போவாள்.

என் மனைவி மஞ்சுளா அதைக் குரலை மாற்றி மாற்றிப் படித்துக் காட்டுவாள். அம்மாவும் மகளும் சிரிக்கிற சிரிப்பில் என்னால் டிவி பார்க்க முடியாது.

போன ஆடியில் மஞ்சுளா காய்ச்சலில் இறந்துபோனாள். அன்றிலிருந்து சுவேதா ‘அம்மா’ என்ற வார்த்தையையே வாயில் எடுக்கவில்லை. அழவும் இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. நானும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. மஞ்சுளாவின் புடவைகளைப் பார்க்கச் சகிக்காமல் ஒன்றுவிடாமல் ஓர் ஆசிரமத்துக்குக் கொடுத்துவிட்டேன்.

ஏரியக்கா ஊருக்குப் போகலாமா என்று கேட்டபோது மட்டும் பிள்ளை தலையை ஆட்டினாள். அங்கேயாவது வாய் திறப்பாள் என்றுதான் அழைத்து வந்தேன்.

புத்தகத்தில் ஏரி முழுக்கத் தாமரை. இங்கே கரையோரம் பிளாஸ்டிக் பாட்டில்கள் மிதந்தன. கதையில் வரும் மதகைக் காட்டினேன், பனைமரங்களைக் காட்டினேன். சுவேதா தண்ணீரை மட்டுமே பார்த்துக்கொண்டு நடந்தாள்.

மதகுக்குப் பக்கத்தில் ஒருவர் பம்பை மேளம் அடித்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஒரு குடும்பமே நின்றது. தாம்பாளத்தில் பூ, பழம், வளையலோடு மடிப்புக் கலையாத ஒரு மஞ்சள் பாவாடை. சின்னப் பிள்ளை அளவு.

கதையில் வருகிற அதே மஞ்சள். அந்த எழுத்தாளருக்கு ஊரே கூடி விழா எடுக்கிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம். தாம்பாளம் வைத்திருந்த அம்மாளிடம் போய், ஏரியக்கா வேஷம் போடுகிற பிள்ளை எங்கே, என் மகளோடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

அவர் பெயர் அமுதம். ஐம்பது வயது இருக்கும். கோபித்துக்கொள்ளவில்லை.

“வேஷம் இல்லப்பா, அது எங்க அக்கா. எட்டு வயசுல இந்த ஏரியிலதான் முழுகிப் பூட்டா. எம் பொண்ணுக்குக் கல்யாணம், அவள வூட்டுக்குக் கூப்புடாம எப்படிப் பண்றது?”

பம்பைக்காரர் பெயர் சொல்லி அழைப்பாராம். குடத்தில் ஏரித் தண்ணீரை மொண்டு வீட்டுக்குக் கொண்டுபோய், புதுத்துணி வைத்துப் படைத்தால் இறந்தவள் வந்துவிட்டதாக அர்த்தமாம். இப்படி வீட்டில் இறந்துபோன பெண்தான் பூவாடைக்காரி; அவளுக்குப் படைக்காமல் இந்தப் பக்கம் கல்யாணம் நடக்காது. அந்த எழுத்தாளர் இவர்களுடைய எதிர்வீட்டு வாத்தியார்; அதைப் பார்த்துத்தான் கதை எழுதியிருக்கிறார். அவள் இறந்தவள் என்று மட்டும் ஓரிடத்திலும் எழுதவில்லை.

துக்கத்தை மறக்கட்டும் என்று கூட்டிவந்த பிள்ளையைச் சாவுக்கு நேர் எதிரே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். போய்விடலாம் என்று அவள் கையைத் தேடினேன்.

கை அகப்படவில்லை.

சுவேதா தரையில் உட்கார்ந்து பையைத் திறந்துகொண்டிருந்தாள். உள்ளே புத்தகம் இல்லை. மஞ்சுளாவின் கத்தரிப்பூ நிறப் புடவை இருந்தது, சின்னக் கைகள் மடித்த கோணல் மடிப்போடு.

அதை எடுத்துக்கொண்டு போய்த் தாம்பாளத்தில், பாவாடைக்குப் பக்கத்தில் வைத்தாள். அமுதம் பூவைத் தள்ளி இடம் விட்டார்.

சுவேதா பம்பைக்காரரை நிமிர்ந்து பார்த்தாள்.

“எங்க அம்மா பேரு மஞ்சுளா.”